இரண்டு விரல் மண்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ, மொன்ட்ரியால்
14.06.2024

மதிப்புக்குரிய யோகராணி அம்மா அவர்களுக்கு,

சாரங்கனின் தகப்பன் சண்முகலிங்கம் எழுதுவது. நானும் மனைவி இந்திராதேவியும் சுகம். கோண்டாவிலில் நீங்களும் மூத்த மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் இளைய மகள் வினோஜா இங்கே படிக்க வந்து, எங்கள் மகனைச் சந்தித்து, இருவரும் மணமுடிக்க விரும்புவது இரண்டு வீட்டுக்கும் தெரிந்ததுதான். "அம்மா கலியாணக் கதை போனிலை கதைக்க மாட்டா மாமா, எல்லாம் கடிதத்திலைதான்" என்று பிள்ளை சொன்னாள். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது கனடாவுக்கு வந்த புதிதில். பேனா பிடிக்கவே விரல் வலிக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. இருபத்தேழு வருடம் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சீதனப் பேச்சு எங்கள் வீட்டில் கிடையாது. எனக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது என் தோட்டம்தான். அதிலும் பியோனி என்றொரு பூ. ஒவ்வொன்றும் சாப்பாட்டுக் கோப்பை அளவு. வருடத்தில் பத்து நாள்தான் பூக்கும், ஆனால் அந்தப் பத்து நாளும் தெருவால் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். படம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கள் பிள்ளைகளின் மணமாலை இந்தப் பூவில்தான். இது என் வாக்கு.

கலியாண நாளை நீங்கள் குறியுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
சண்முகலிங்கம்

*

கோண்டாவில்
20.07.2024

மதிப்புக்குரிய சண்முகலிங்கம் ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. மூத்தவள் பிரஷாந்தினி வங்கிக்கு வேலைக்குப் போய் வருகிறாள். அங்கே வெயில் என்று வினோஜா சொன்னாள். தொப்பி போட்டுக்கொண்டு தோட்டத்தில் நில்லுங்கள்.

நான் ஏன் போனில் பேசுவதில்லை என்று சொல்லிவிடுகிறேன். பிரஷாந்தினிக்கு ஆறு வருடத்துக்கு முன் லண்டன் மாப்பிள்ளை பேசினோம். எல்லாம் போனில்தான். அவர் ஒரு காரில் சாய்ந்துகொண்டு, மாடி வீட்டுக்கு முன்னால் நின்று படம் அனுப்பினார். பிள்ளை போன பிறகுதான் காரும் வீடும் அவருடைய முதலாளிக்குச் சொந்தம் என்று தெரிந்தது. கார் இல்லாதது ஒரு குற்றமா ஐயா? ஆனால் படத்தில் தொடங்கியது அதோடு நிற்கவில்லை. எட்டே மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். கேட்டால், "நாங்கள் எப்ப சொன்னனாங்கள்?" என்றார்கள். எழுத்தில் எதுவும் இருக்கவில்லை.

ஆகவே நானும் உங்களிடம் சீதனம் பற்றியோ வீடு பற்றியோ பேசப் போவதில்லை. பொய் சொல்லாத வீடாக இருந்தால் போதும். கேட்பது இது ஒன்றைத்தான்.

படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அழகான பூ. அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் கையும் கவனமான கை. இந்திராதேவி அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். முப்பது வருடம் விவசாயப் போதனாசிரியையாக இருந்தவள் என்பதால் கேட்கிறேன். என்ன மண்? எத்தனை வயதுச் செடி? குளிருக்கு என்ன செய்கிறீர்கள்?

நாள் குறிப்பதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
யோகராணி

*

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
25.08.2024

மதிப்புக்குரிய யோகராணி அம்மா அவர்களுக்கு,

நாங்கள் நலம். உங்கள் முழங்காலுக்கு என்று இந்திராதேவி ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறா. யாராவது ஊருக்குப் போகும்போது கொடுத்து விடுவோம். உங்கள் அன்பையும் சொன்னேன், சந்தோஷப்பட்டா.

மூத்த மகளுக்கு நடந்ததை வாசித்து மனம் கனத்துப் போனது.

செடியைப் பற்றிக் கேட்டீர்கள். எட்டு வயது. களிமண், ஆனால் உரம் போட்டுப் பதப்படுத்தியிருக்கிறேன். எங்கள் ஊர்க்காரனுக்கு மண் அணைக்கச் சொல்லித்தர வேண்டுமா? வாழைக்கு அணைப்பது போல ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒரு அடி உயரத்துக்கு அணைத்து, மேலே வைக்கோலும் போட்டு மூடிவிடுவேன். பாவம், இந்தக் குளிரில் வாயில்லாத சீவன். வசந்தத்தில் மழை கொண்டுபோனது போக மிச்ச மண் அப்படியே இருக்கும். ஒரு குறையும் வைப்பதில்லை.

பூவைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன்.

பிள்ளைகள் மண்டபம் பார்க்க அவசரப்படுகிறார்கள். சோதிடரிடம் போனீர்களா?

அன்புடன்,
சண்முகலிங்கம்

*

கோண்டாவில்
26.09.2024

மதிப்புக்குரிய சண்முகலிங்கம் ஐயா அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே இலை நிறம் மாறத் தொடங்கியிருக்கும். தைலத்துக்கு நன்றி. அக்காவின் மனசு எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் செடி எனக்கு நித்திரையைக் கெடுத்துவிட்டது. பிரஷாந்தினியின் கணினியில் தேடித் தேடி வாசித்தேன். பியோனியின் வேரில் சிவப்பாக முளைகள் இருக்குமாம், கண் என்கிறார்கள். அந்தக் கண்ணுக்கு மேல் இரண்டு விரல் மண்தான் இருக்கவேண்டும். கூடினால் இலை செழித்து வளரும், பூ மட்டும் வராது. அதற்குக் குளிர் படவேண்டும் ஐயா. நாங்கள் பிள்ளையைப் போர்த்துவது போலப் போர்த்தினால் அது ஆயுளுக்கும் நித்திரைதான்.

ஒரு அடி மண்ணுக்குக் கீழே கிடந்து உங்கள் செடி அப்படிப் பூத்ததென்றால், அது நான் சேவையில் காணாத அதிசயம். ஒரு அடி என்று எழுதியது கைத்தவறாகவும் இருக்கலாம். ஒருவேளை உண்மையிலேயே ஒரு அடி என்றால், கிண்டி எடுக்க வேண்டாம், அதற்கு இடம் மாறுவது பிடிக்காது. மண் உறைவதற்கு முன் கையால் மெல்ல மெல்ல ஒதுக்கி, கண் தெரிந்ததும் இரண்டு விரல் மட்டும் விட்டு மூடுங்கள். இது யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கலியாண நாளைப் பற்றி இப்போது எழுதவில்லை.

இப்படிக்கு,
யோகராணி

*

(மேசை லாச்சிக்குள் இருந்தது)

19.10.2024

யோகராணி அம்மாவுக்கு,

நேற்று உங்கள் கடிதம் வந்தது. வாசித்துவிட்டுச் சட்டைகூட மாற்றாமல் குசினிக் கரண்டியோடு தோட்டத்துக்குப் போனேன். இரண்டு மணித்தியாலம் முழங்காலில் இருந்து மண் ஒதுக்கினேன். நீங்கள் எழுதிய ஆழத்துக்கும் கீழே, எட்டு வருட மண்ணுக்கு அடியில், சிவப்புச் சிவப்பாகப் பதினொரு கண்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது அம்மா.

அந்தச் செடி ஒரு நாளும் பூத்ததில்லை. ஒரு மொட்டுக்கூட வந்ததில்லை. நான் அனுப்பிய படம் பக்கத்து வீட்டு மதாம் ஜினெட்டின் பூ. எட்டு வருடத்துக்கு முன் தன் செடியின் வேரில் ஒரு துண்டை வெட்டி அவதான் எனக்குத் தந்தா. அதே வேரின் பிள்ளைதானே, ஆகவே முழுப் பொய் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு படத்தை உறையில் வைத்தேன். மதாம் வேலிக்கு மேலால் என் மண் குவியலைக் காட்டிக் காட்டிப் பல தடவை தலையாட்டியிருக்கிறா. நான் பாராட்டுகிறா என்று நினைத்து அவவின் பாஷையில் மேர்சி என்று நன்றி சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் அணைத்தேன்.

ஏன் அப்படி எழுதினேன்? நீங்கள் படித்தவர், உத்தியோகம் பார்த்தவர். நான் தொழிற்சாலையில் மூடி எண்ணியவன். எனக்கும் ஏதாவது ஒன்று இருக்கவேண்டும் போல இருந்தது. பிறகு உங்கள் பதில் வந்தது, காரில் சாய்ந்து நின்றவனின் கதையோடு. நானும் அந்தக் காரில்தான் சாய்ந்து நிற்கிறேன்.

இதை அனுப்பினால் சாரங்கனின் வாழ்க்கை

*

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
12.11.2024

மதிப்புக்குரிய யோகராணி அம்மா அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். இங்கே முதல் பனி கொட்டிவிட்டது. உங்கள் ஆலோசனைக்கு நன்றி. செடி நலம்.

தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யப் போகிறார்கள் என்று கதை அடிபடுகிறது. அதற்கு முன் இது உங்களுக்குக் கிடைக்கவேண்டும்.

கலியாண நாளை அறியத் தாருங்கள்.

சண்முகலிங்கம்

*

கோண்டாவில்
16.01.2025

மதிப்புக்குரிய சண்முகலிங்கம் ஐயா அவர்களுக்கு,

வேலைநிறுத்தத்தில் அகப்பட்டு உங்கள் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள்தான் வந்தது. நாங்கள் சுகம். பொங்கல் நன்றாகப் பொங்கி வழிந்தது.

இரண்டு மாதம் காத்திருந்து உறையைப் பிரித்தால் ஆறேழு வரி. அங்கே குளிருக்குப் பேனா மையும் உறைந்துவிட்டதோ? லண்டன்காரரின் பேச்சும் முதலில் ஒரு மணித்தியாலம் போகும். பிறகு பத்து நிமிடம். கடைசியில் "எல்லாம் ஓகே" என்பதோடு சரி. எனக்கு நீளமான கடிதங்களைப் பிடிக்கும்.

"அம்மா, உங்களுக்குச் சாரங்கனிலை என்ன குறை?" என்று வினோஜா போனில் அழுதாள். அவரில் ஒரு குறையும் இல்லை என்றேன். "அப்ப ஏன் நாள் வைக்கிறியள் இல்லை?" என்றாள்.

எனக்கு அவசரமில்லை ஐயா. ஆனால் பிள்ளைகளுக்கு இருக்கிறது.

இப்படிக்கு,
யோகராணி

*

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
10.02.2025

யோகராணி அம்மா அவர்களுக்கு,

உங்கள் சுகத்தை விசாரிக்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. இத்துடன் இன்னொரு கடிதம் இருக்கிறது. ஒக்டோபரில் எழுதி, முடிக்காமல் லாச்சியில் போட்டது. முதலில் அதை வாசியுங்கள்.

வாசித்துவிட்டீர்களா?

போன கிழமை லாச்சியைத் துப்புரவாக்கும்போது இந்திராதேவி அதை எடுத்துவிட்டா. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னா: "அந்த மனுசி கேட்டது ஒண்டே ஒண்டு. அதையும் பூவாலை கெடுத்துப்போட்டியள். படம் அனுப்பின கையாலை இதையும் அனுப்புங்கோ." சாரங்கனையும் கூப்பிட்டு இருத்திச் சொன்னேன். அவன் என்னைக் கோபித்திருந்தால் நல்லாக இருந்திருக்கும். "அப்பா, ஒரு பூவுக்கோ?" என்று மட்டும் கேட்டான்.

அவனுக்கு இதில் பங்கில்லை. சின்ன வயதிலேயே யன்னலை உடைத்துவிட்டுத் தானே வந்து சொல்கிற பிள்ளை. தாயைப் போல. என்னை நம்பவேண்டாம். எழுத்தில் வேண்டும் என்றீர்கள், இதோ எழுத்தில் தந்திருக்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் வாயால் போனதை அவன் தலையில் கட்டாதீர்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மாலையைக் கடையில் வாங்கிவிடுவோம். செடி இப்போது மூன்றடி பனிக்குக் கீழே இருக்கிறது. மேலே இரண்டு விரல் மண்தான். பூக்குமோ தெரியாது.

சண்முகலிங்கம்

*

கோண்டாவில்
03.03.2025

அன்புள்ள சம்மந்தி அண்ணைக்கு,

கடிதம் இன்று காலை வந்தது. பதிலை இன்றே எழுதுகிறேன். நான் நலம், முழங்கால்கூட இன்று வலிக்கவில்லை.

வைகாசி இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை. அங்கே யூன் எட்டு. சோதிடர் இந்த நாளைப் போன வருடமே குறித்துத் தந்துவிட்டார். தாளை மடித்து உங்கள் முதல் கடிதத்தோடு வைத்திருந்தேன். மண்டபத்துக்குச் சொல்லுங்கள். நான் விசாவுக்கு விண்ணப்பிக்கிறேன்.

இனி ஒரு விஷயம். அந்தப் படத்தின் கீழ் ஓரத்தை நீங்கள் பார்க்கவே இல்லையா? பூ கனத்தில் சாயாமல் மூன்று விரல்கள் தாங்கிப் பிடித்திருக்கின்றன. வெள்ளை விரல்கள், புள்ளி புள்ளியாக மச்சம், நகத்தில் இரத்தச் சிவப்பாகச் சாயம். இந்திராதேவி அக்காவை வினோஜாவின் பிறந்தநாள் படத்தில் பார்த்திருக்கிறேன் அண்ணை. நம்மைப் போலக் கறுத்த, வேலை செய்த கை. கை கவனமான கை என்று எழுதியபோதே நீங்கள் திடுக்கிட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டா என்று பதில் வந்தது. சிரித்துச் சிரித்துப் பிரஷாந்தினியைக் கூப்பிட்டுக் காட்டப் போனேன். பிறகு காட்டவில்லை. அவளுக்கு அது சிரிப்பாக இருக்காது.

எனக்கும் எல்லா நாளும் சிரிப்பாக இருக்கவில்லை. அந்த ஆறேழு வரிக் கடிதம் வந்த அன்று, இதுவும் அப்படித்தான் முடியப் போகிறது என்று படுத்துவிட்டேன். லண்டன்காரரை நாங்கள் தேடிப் போய்ப் பிடித்தோம். அப்போதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள், நான் பிடிக்குமுன் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும்.

பூவுக்காக நாளை மாற்ற மாட்டேன். பூத்தால் பூக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் சம்மந்தி யோகராணி

*

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
18.05.2025

அன்புள்ள சம்மந்தி அம்மாவுக்கு,

இது நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன் கிடைக்குமோ தெரியாது. ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. எல்லோரும் சுகம். விசா வந்த செய்தியை வினோஜா சொன்ன அன்று இந்திராதேவி பாயாசம் காய்ச்சினா.

ஏப்ரல் கடைசியில் செடி சிவப்பு மூக்கை வெளியே நீட்டியது. இப்போது முழங்கால் உயரம். மூன்று மொட்டுகள் இருக்கின்றன! பட்டாணிக் கடலை அளவுதான், ஆனால் மூன்று! ஒரு நாளைக்கு ஐந்து தரம் போய்ப் பார்க்கிறேன். "இனி அதுக்குப் பக்கத்திலை பாயைப் போட்டுப் படுங்கோ" என்கிறா இந்திராதேவி. மொட்டில் எறும்பு ஏறியதைக் கண்டு மஞ்சள்தூளை எடுத்துக்கொண்டு ஓடினேன். மதாம் ஜினெட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "நோ, நோ, நோ" என்று கத்தினா. எறும்பு ஒன்றும் செய்யாதாம். இந்த முறை அவ சொன்னதை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன்.

கலியாண மாலைக்குத் தன்னுடைய பூ எல்லாவற்றையும் தருகிறேன் என்றா. வேண்டாம் என்றுவிட்டேன். அவவையும் கலியாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன். அந்த விரல்களை நீங்கள் நேரில் பார்க்கலாம்.

மாலைக்கு ரோசாப்பூச் சொல்லியாகிவிட்டது. ஆனால் வாக்கு வாக்குதான். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள். தடித்த சொக்ஸ் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
சண்முகலிங்கம்

*

கோண்டாவில்
09.07.2025

அன்புள்ள சம்மந்தி அண்ணைக்கும் அக்காவுக்கும்,

சுகமாக வந்து சேர்ந்தேன். இரண்டு பெட்டியும் வந்தன. அக்காவின் தைலம் உடையவில்லை. உங்கள் இருவரின் சுகத்தையும் பிள்ளைகளின் சுகத்தையும் நேரில் பார்த்துவிட்டு வந்ததால் விசாரிக்க ஒன்றுமில்லை. என்றாலும் விசாரிக்கிறேன்.

இங்கே எல்லோருக்கும் நான் சொல்கிற முதல் கதை மாலைக் கதைதான். செயின்ட் றெஜி வீதி முருகன் கோயிலில், ரோசாப்பூ மாலை இரண்டிலும் நடுவில் ஒவ்வொரு பச்சை உருண்டை தொங்கியதையும், குருக்கள் மாலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இதென்ன, வெங்காயமோ?" என்று கேட்டதையும், நீங்கள் நெஞ்சை நிமிர்த்தி "இல்லை ஐயா, என்ர தோட்டத்துப் பியோனி. இன்னும் பூக்கேல்லை" என்றதையும் சொல்லும்போது சிரிக்காதவர்கள் இல்லை. மதாம் ஜினெட்தான் முதலில் கைதட்டினா. சிவப்பு நகச்சாயம் மாறவே இல்லை.

நான் சிரிக்கவில்லை என்று இப்போது சொல்லலாம். பூக்காத மொட்டைப் பூக்காத மொட்டு என்று சபையில் சொன்னீர்களே, அப்போது எனக்குக் கண் கலங்கியது. என் பிள்ளையை நல்ல இடத்தில் விட்டிருக்கிறேன் என்று அந்த இடத்தில்தான் முழுதாக நம்பினேன்.

மூன்றாம் மொட்டின் கதையை இங்கே யாருக்கும் சொல்லவில்லை. பதினான்காம் திகதி விடியற்காலை நீங்கள் கதவைத் தட்டி, "சம்மந்தி, கெதியா வாங்கோ" என்று கத்தினீர்கள். சொக்ஸ் காலோடு ஈரப் புல்லில் ஓடி வந்தேன். அங்கே அது விரிந்திருந்தது, வெளிறிய ரோசா நிறத்தில், உண்மையிலேயே சாப்பாட்டுக் கோப்பை அளவு. நீங்கள் படம் பிடிக்கப் போனை எடுத்தீர்கள். பூ பாரத்தில் சாய்ந்தது. நான் குனிந்து தாங்கிப் பிடித்தேன்.

அந்தப் படத்தைக் கழுவிச் சட்டம் போட்டு விறாந்தைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். நேற்றுப் பிரஷாந்தினி வேலையால் வந்து கைப்பையைக்கூட வைக்காமல் அதற்கு முன்னால் நின்றாள். படங்களை அவள் பார்க்கும் விதம் உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பாள். பார்த்து முடித்துக் கேட்டாள்: "அம்மா, இது மெய்யாவே அவையின்ர பூவோ?"

"கீழ் மூலையிலை விரலைப் பார்" என்றேன்.

குனிந்து பார்த்தாள். தேய்ந்த மோதிரம், சிறுவிரலில் அரிவாள் வெட்டின தழும்பு, நகத்துக்குள் உங்கள் தோட்டத்து மண். கனநேரம் பார்த்தாள். பிறகு வந்து என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த யூனுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். இலையுதிர் காலத்தில் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

அன்புடன்,
யோகராணி